ஸ்பானருக்குப் பிறந்த கார்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பானெட்டை முதல் தடவை தூக்குகிறவர் கொஞ்சம் திகைத்துத்தான் போவார். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் கொக்கிகளை விடுவித்து இழுத்தால் மூடி மட்டும் வருவதில்லை. இரண்டு முன் மட்கார்டு, ஹெட்லைட், கிரில் என்று காரின் முகம் முழுவதும் முன்பக்கம் சாய்ந்துவிடுகிறது. எஞ்சி நிற்பவை இன்ஜின், இரண்டு சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் சேஸிஸ். முன் டயர் மேல் உட்கார்ந்தபடியே கார்புரேட்டரைக் கழற்றலாம். குனிந்து குனிந்தே ஆயுளைக் கழிக்கும் மெக்கானிக்குக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தக் கார் கம்பெனியும் செய்ததாகத் தெரியவில்லை.

அறுபது வயதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இந்தக் கார்களை வீட்டு போர்டிகோவில் நிறுத்தி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்களே இறக்கிப் புதுப்பிக்கிறவர்கள் உண்டு. பகலில் வங்கி வேலையோ கல்லூரி வேலையோ பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கை கறுத்துப்போகிறவர்கள். எல்லாப் பழைய காரும் இதற்கு இடம் கொடுக்காது. ஹெரால்ட் கொடுக்கிறது. அதற்குக் காரணம், பாதி அதை வடிவமைத்தவர்களின் புத்தி. மீதிப் பாதி, அவர்கள் மாட்டிக்கொண்ட சங்கடம்.

கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துவந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953இல் அதைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. உலகம் முழுக்க பாடியும் சேஸிஸும் ஒன்றான மோனோகாக்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. புது காரின் பாடியை முழுசாக அடித்துத்தர ஆள் கிடைக்காமல், தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரின் குழு பழைய வழிக்கே திரும்பியது: தனி சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுக் கோக்கும் பாடி. அதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கலோட்டி. 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டாக வெளிவந்த அந்த வண்டி, பிறந்த அன்றே கட்டுமானத்தில் பத்தாம்பசலி. ஆனால் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி, கடல் கடந்த ஊரில் ஸ்பானரால் கோத்துவிடலாம். அந்த ஊர்களில் ஒன்று நம்முடையது.

சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையோரம், வண்டலூர் – பெருங்களத்தூர் பகுதியில் இருந்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948இல் தொடங்கிய நிறுவனம். வான்கார்டு, ஸ்டாண்டர்ட் 10, பென்னன்ட் எல்லாம் அங்கே கோக்கப்பட்டன. 1961இல் ஹெரால்ட் வந்தது. வருஷத்துக்கு வருஷம் உள்ளூர் பாகங்கள் கூடின. இங்கிலாந்துக்காரன் செய்யாத நான்கு கதவு ஹெரால்டையும் இங்கேதான் செய்தார்கள். 1972 முதல் 1977 வரை கஸல். எண்பதுகளில் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்து கையைச் சுட்டுக்கொண்டு, 1988இல் கார் உற்பத்தி நின்றது.

முதலில் காது, பிறகு கை

ஹெரால்டின் இன்ஜின் 948 சி.சி., நான்கு சிலிண்டர். போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ.; ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்த பழைய காலத்து அமைப்பு. 1953இல் ஸ்டாண்டர்ட் எய்ட்டில் 803 சி.சி.யாகப் பிறந்த குடும்பத்தின் இரண்டாவது பிள்ளை இது. அதே குடும்பம் 1493 சி.சி. வரை வளர்ந்து, 1980 வரை டிரையம்ப் ஸ்பிட்ஃபயரில் ஓடியது. இந்த உறவுமுறை இன்று கைகொடுக்கிறது. ஸ்பிட்ஃபயர் பிரியர்களுக்காகப் பிரிட்டனில் இன்னும் உதிரிபாகம் செய்கிறவர்கள் இருப்பதால், ஹெரால்டுக்கும் ஒரு வழி திறந்தே இருக்கிறது.

பிரிப்பதற்கு முன் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆர்வக்கோளாறில் பலர் தவறவிடும் கட்டம் இது; இன்ஜின் தரைக்கு வந்தபின் அது பேசாது. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கம்ப்ரஷன் பார்க்கும்போது ஸ்பார்க் பிளக் துவாரத்தில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸின் குறையை ஓசையே சொல்லிவிடும். முதல் மூன்று கியர்களிலும் ஊளையிட்டு, நாலாவதில் சட்டென்று அமைதியானால் குற்றவாளி லே ஷாஃப்ட். நாலாவது கியரில் இன்ஜினின் சுழற்சி நேராகப் பின்னால் போய்விடுகிறது, லே ஷாஃப்டுக்கு அப்போது சுமை இல்லை. எல்லா கியரிலும் ஒரே ஊளை, ஆக்ஸிலேட்டரை விட்டதும் அதன் சுருதி மாறுகிறது என்றால் கிரவுன்–பினியன். வண்டியை எடுக்கும்போது பின்னால் ‘டொக்’ என்று ஒரே ஒரு தட்டு கேட்டால், யுனிவர்சல் ஜாயின்ட்டின் (யு.ஜே.) கிராஸ் தேய்ந்திருக்கலாம்.

இன்னொரு சோதனை இருக்கிறது. ஹெரால்ட் வாங்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்து விட, இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். கிளட்ச் மிதிபடும்போது புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இந்த இன்ஜினின் பலவீனம் அங்கேதான். கிராங்க் ஷாஃப்ட் மூன்று மெயின் பேரிங்கில் சுழல்கிறது. அது முன்னும் பின்னும் நகராமல் தடுப்பது, பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும் சொருகியிருக்கும் இரண்டு அரைவட்டத் தகடுகள்: த்ரஸ்ட் வாஷர். முழு வட்டம் கூட இல்லை, மேல் பாதி மட்டும். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விசை கிராங்கை முன்னால் தள்ள, அதைத் தாங்குவது அந்த ஒரு சின்னத் தகடு. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்கும் நம் ஊர்ப் பழக்கம் அதை இன்னும் சீக்கிரம் தின்றுவிடும். தேய்ந்து மெலிந்தபின் ஒரு நாள் தகடு நழுவி சம்பில் விழும். அதற்குப் பிறகு கிராங்கின் இரும்பு நேராக பிளாக்கின் இரும்பை உரசும். தகட்டின் விலை சொற்பம். பிளாக் போனால் போனதுதான். சம்பைக் கழற்றினாலே தகட்டை மாற்றிவிடலாம், இன்ஜினை இறக்கவே வேண்டாம். புதுத் தகட்டைச் சொருகும்போது எண்ணெய்ப் பள்ளங்கள் உள்ள முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் வெகு சீக்கிரம் மறுபடி சம்பைக் கழற்ற நேரும்.

இறக்குவது

இரண்டு கீல் போல்ட்டைக் கழற்றினால் ஹெரால்டின் முன் முகம் முழுசாகத் தனியே வந்துவிடும். அதைப் பத்திரமாக வைப்பதற்குத்தான் இடம் வேண்டும். மொட்டைமாடிக்கு ஏற்றுகிறவர்களும் உண்டு. பிறகு செயின் பிளாக், அதைத் தொங்கவிட ஒரு ஏ-ஃபிரேம். போர்டிகோவின் கான்கிரீட் கொக்கியில் மாட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கொக்கி ஊஞ்சலுக்குப் போட்டது.

ஸ்பானர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் அங்கேதான் நிறைய நட்டுகள் செத்துப்போகின்றன. இந்தக் காரின் நட்டுகள் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டு 12.7 மி.மீ.; வீட்டில் இருக்கும் 13 நம்பர் ஸ்பானர் அதில் உட்காருவது போல உட்கார்ந்து, துருப்பிடித்த நட்டில் முக்கும்போது முனைகளை மழித்துவிடும். அங்குல ஸ்பானர் செட் ஒன்றைப் புதுப்பேட்டையிலோ பழைய சாமான் கடையிலோ தேடி வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குவது நல்லது.

பிரித்த பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, எந்த சிலிண்டருடையது என்று எழுதி வைப்பதெல்லாம் பொறுமை உள்ள யாரும் செய்யக்கூடியது. கனெக்டிங் ராடும் அதன் தொப்பியும் ஜோடி மாறக்கூடாது. மெயின் பேரிங் தொப்பியும் அப்படியே. பிளாக்கின் நீர்ப்பாதைகளைக் குத்திக் குடைந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். சென்னைப் புறநகரின் போர்வெல் தண்ணீரை வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியிருந்தால், உள்ளே சுண்ணாம்புப் படிவம் கெட்டிப்பட்டுக் கிடக்கும். ‘வண்டி ஹீட் ஆகுது’ என்று தெர்மோஸ்டாட்டையும் ஃபேன் பெல்ட்டையும் மாற்றிக்கொண்டே இருந்தவர்களுக்கு அப்போதுதான் விடை கிடைக்கும்.

அதன் பிறகு அளத்தல். வீட்டு வேலையின் நடுமையம் இதுதான் என்பேன். கோப்பதைவிட, எது இன்னும் ஓடும், எது ஓடாது என்று தீர்மானிப்பதில்தான் பணமும் காலமும் அடங்கியிருக்கிறது. லேத் பட்டறைக் கணக்கு ‘தௌ’, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனே இரண்டு மூன்று தௌ வந்துவிடும். போரின் மேல்புறம், ரிங் ஏறி நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் தேய்மானம் அதிகம். கீழ்ப்புறத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். எட்டு, பத்து தௌவைத் தாண்டினால் ரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை, போர் போட வேண்டும். கிராங்க் ஜர்னலை இரண்டு திசைகளில் மைக்ரோமீட்டரால் அளந்தால் வட்டம் கோணியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் ஒரு மாலை நேரம் பட்டறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். அதுகூட இல்லாமல், ‘பார்க்க நல்லாத்தான் இருக்கு’ என்று திரும்பக் கோப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

லேத்தில்

வீட்டு வேலை என்று சொன்னாலும் வீடு இங்கே முடிந்து, பட்டறை தொடங்குகிறது. சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்று பாகமும் பட்டறையும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. செம்பியத்தில் 1949இலேயே இந்தியா பிஸ்டன்ஸ் வந்துவிட்ட ஊர் இது. போர் போடுவதும் கிராங்க் கிரைண்டிங்கும் தலைமுறைத் தொழில்.

போர் போடுமுன் பிஸ்டன் கையில் இருக்க வேண்டும். இருபது ஓவர்சைஸ் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பி பிளாக்கைக் கடைந்துவிட்டு, பிறகு பிஸ்டன் தேடிப் போகிறவர்கள் திண்டாடுவார்கள். நல்ல மேஸ்திரி நான்கு பிஸ்டனையும் வாங்கிவைத்து அளந்து, அதற்கேற்பத்தான் கடைசிக் கீறலைப் போடுவார். “சார், இருபதுல சுத்தம் வராது, முப்பது போயிடலாம்” என்றும் சொல்வார். உடனே தலையாட்ட வேண்டாம். முப்பதைத் தொட்டால் அடுத்த முறைக்கு இடம் குறைகிறது. சில சமயம் ஒரே ஒரு சிலிண்டரில் இருக்கும் ஆழமான கீறல்தான் காரணமாக இருக்கும், அதற்கு ஸ்லீவ் போட்டுக் காப்பாற்றலாம். இந்த உரையாடலைத் தெரிந்து நடத்தத்தான் வீட்டில் அளக்கச் சொன்னேன்.

கிராங்கைக் கிரைண்ட் செய்ததும் அதன் எண்ணெய்த் துவாரங்களில் இரும்புத் தூள் தங்கியிருக்கும். பட்டறையில் காற்றடித்துக் கொடுத்தாலும், வீட்டுக்கு வந்து மெல்லிய பிரஷ் விட்டு, துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை கழுவ வேண்டும். புது பேரிங் சில மணி நேரத்திலேயே பாழானதாகச் சொல்லப்படும் கதைகளில் பாதிக்கு இந்தத் தூள்தான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

ஹெட் வேலையில் நம் காலத்துக்கென்று ஒரு சிக்கல். ஹெரால்ட் ஓடிய நாட்களில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே நேராக வெட்டப்பட்ட எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளுக்கு அதுவே பாதுகாப்பு. 2000 பிப்ரவரியோடு இந்தியாவில் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. நெடுஞ்சாலையில் தொடர்ந்து விரட்டினால் சீட் மெல்ல உள்வாங்கி, டேப்பெட் இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும். ஹெட் எப்படியும் பட்டறைக்குப் போகிறது, அதோடு கடின உலோக சீட் ரிங்குகளையும் பதித்து வாங்கிவிடுவது உத்தமம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் அதைத் தாங்காது. எத்தனாலைத் தாங்கும் குழாய் கேட்டு வாங்கிப் போடவும். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பெட்ரோல் கசிவது விளையாட்டல்ல.

பிளாக் விரிசல் விட்டு, வேறு பிளாக்தான் போட வேண்டும் என்ற நிலை வந்தால், எண்ணை மறக்காதீர்கள். ஆர்.சி.யில் இருப்பது பழைய இன்ஜின் எண். 2021 ஜூலையில் வந்த மத்திய விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டியை ‘வி.ஏ.’ எழுத்துகளோடு விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் எதுவும் செய்யாமல், மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஹெரால்டுக்குள் மாருதி இன்ஜினைத் திணித்து ஓட்டுவது ஒரு காலத்தில் பரவலான உபாயம். ஓட்டத்துக்கு அது சரி. அந்த வண்டி இந்தப் பதிவுக்குத் தகுதி பெறாது.

கோப்பதைப் பற்றி நீட்டத் தேவையில்லை, கையேடு இருக்கிறது, டார்க் ரென்ச் இருக்கிறது. பிஸ்டன் ரிங்கின் வாய் இடைவெளியை போருக்குள் வைத்து அளந்து, எட்டு தௌவுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். கையேட்டைப் படிக்கிறவர்கள் நம்ப மறுக்கும் ஒரு பாகத்தை மட்டும் சொல்கிறேன். இன்ஜினின் முன்புறம், சம்ப் சேரும் இடத்தில் ஓர் அலுமினியத் துண்டு உண்டு. அதன் இரு ஓரத்தையும் அடைப்பது மரச் சில்லு. ஆம், இன்ஜினுக்குள் மரம். பழசு தொலைந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம், மென்மரத்தில் சீவிக்கொள்ளலாம். அந்த அலுமினியத்தின் மரைகளைத்தான் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். அழுத்தித் திருகினால் மரை உரிந்து வந்துவிடும். பின்பக்க எண்ணெய்த் தடுப்பில் ரப்பரே கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகுப் பள்ளம், கசிய வரும் எண்ணெயைச் சுழற்சியிலேயே உள்ளே திருப்பி அனுப்புகிறது. ஓடும்போது சரி, நின்றபின் இரண்டு சொட்டு தரையில் விழத்தான் செய்யும். அந்த இரண்டு சொட்டைச் சகிக்க முடியாதவர்கள் வேறு கார் பார்க்கலாம்.

சீட்டைக் கழற்றினால் கியர்பாக்ஸ்

ஹெரால்டின் கியர்பாக்ஸை இறக்க வண்டிக்கடியில் படுக்க வேண்டியது கொஞ்ச நேரம்தான். முன் சீட்டுகளையும் நடுவில் கியர்பாக்ஸை மூடியிருக்கும் உறையையும் எடுத்துவிட்டால், சம்புக்கடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்து, கியர்பாக்ஸைப் பின்னுக்கு இழுத்துக் காருக்குள்ளேயே தூக்கிவிடலாம். கிளட்ச் பிளேட் மாற்ற இன்ஜினைத் தொட வேண்டியதில்லை. கியர்பாக்ஸைப் பிரிக்கும்போது செலக்டர்களின் சின்னஞ்சிறு குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்து ஓடும். ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொண்டு உட்காருவது அனுபவஸ்தர்களின் வழக்கம்.

பின்னச்சுதான் இந்தக் காரின் வில்லங்கம். டிஃபரென்ஷியல் சேஸிஸோடு நிலையாகக் கட்டப்பட்டிருக்க, அதன் தலையில் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். இரண்டு பக்கமும் அரை ஷாஃப்டுகள் உள்முனையில் மட்டும் மடங்கி, சக்கரங்களோடு மேலும் கீழும் ஆடுகின்றன. ஸ்விங் ஆக்ஸில். இரண்டு பேர் போனால் ஒரு கோணம், குடும்பத்தோடு சாமானும் ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போனால் வேறு கோணம். சுமை ஏற ஏற சக்கரங்கள் கால் பரப்பி நின்று, டயரின் உள்பக்கம் தேயும். இந்திய வாடிக்கையாளருக்கும் மெக்கானிக்குக்கும் இது பிடிக்கவில்லை; கஸலில் அதை எடுத்துவிட்டு வழக்கமான முழு அச்சைப் போட்டதற்குக் காரணம் அதுவே.

வீட்டில் இதில் செய்யக்கூடியது யு.ஜே. கிராஸும் எண்ணெய் சீலும். அதற்குக்கூடப் பின் ஹப்பைக் கழற்ற வேண்டிவரலாம். கூம்பு முனையில் சாவியோடு இறுகி உட்கார்ந்திருக்கும் அந்த ஹப், சாதாரண மூன்று கால் புல்லருக்கு மசியாது; சுத்தியலால் அடித்தால் விளிம்பு வளைந்துவிடும். அதற்கென்றே செய்த கனமான புல்லரை இரவல் வாங்குங்கள். கிரவுன்–பினியனைப் பொறுத்தவரை, ஊளை மட்டும் என்றால் எண்ணெயை மாற்றிவிட்டு ஊளையோடு வாழலாம். ஷிம் கணக்கும் பற்களின் உரசல் தடமும் பார்த்துப் பூட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அரைகுறையாகக் கைவைத்த டிஃபரென்ஷியல் முன்பைவிட உரக்க ஊளையிடும். பின்னால் இருக்கும்போதே முன்னால் ஒரு வேலையும் ஞாபகம் வருகிறது: முன் சக்கர ட்ரன்னியனுக்கு கிரீஸ் அடிக்காதீர்கள், அது கேட்பது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கெட்டிப்பட்டு மரை வறண்டால், ஒரு நாள் சக்கரம் உடைந்து சாயும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும் வரை செல்ஃப் அடிக்க வேண்டும். பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்த பிறகுதான் இன்ஜின் தன் பலத்தில் ஓடலாம். டேப்பெட் இடைவெளி குளிர்ந்த நிலையில் பத்து தௌ. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வை, ஏழாவது திறந்தால் இரண்டாவது. கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்பது மெக்கானிக் கணக்கு. முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எண்ணெயை மாற்றி, ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசைப்படி மறுபடி இறுக்கி, டேப்பெட்டையும் திரும்பப் பார்த்துவிட வேண்டும்.

ரன்னிங்-இன் முடியும்வரை ஏற்காடு, கொடைக்கானல் ஆசைகளைத் தள்ளிப்போடுவது நல்லது. அப்புறம் போகும்போதும், இந்தக் கியர்பாக்ஸின் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது என்பது ஞாபகம் இருக்கட்டும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியர் இழுக்காமல் திணறும்போது, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கும்போது, டபுள் கிளட்ச் போட்டு முதல் கியரை உறுமல் இல்லாமல் விழவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதை மலையில் போய்ப் பழக முடியாது. ஊருக்குள்ளேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத மேம்பாலத்தில் பழகிக்கொள்ளுங்கள்.